நடக்க முடியாத பெண் உலகுக்குத் தந்த கரடி பொம்மை

கரடி பொம்மையை அறியாத குழந்தை உண்டா?

தொட்டில் குழந்தையும் அதைக் கட்டிக்கொண்டு தூங்கும். பள்ளிக்கூடம் போகும் சிறுமியும் அதற்குச் சோறு ஊட்டி விளையாடுவாள். காட்டில் பார்த்தால் அலறி ஓட வேண்டிய மிருகம், வீட்டுக்குள் வந்ததும் குழந்தைக்குத் தோழன் ஆகிவிடுகிறது!

அந்தப் பொம்மைக்கு "டெடி" என்று பெயர். அது அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் செல்லப் பெயர். ஜனாதிபதியின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால், உள்ளே அடைத்து, மெத்தென்று தைத்து, துணியாலேயே மிருகங்களைச் செய்து குழந்தைகளுக்குக் கொடுக்கும் தொழிலை வளர்த்த பெண்ணின் பெயரைச் சொன்னால், நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் மார்கரெட் ஸ்டைஃப். ஜெர்மனி தேசத்துப் பெண்மணி. ஒன்றரை வயதுக்குப் பிறகு அவர் தம் காலால் ஓர் அடிகூட நடந்ததில்லை. வலது கையும் சரியாக வழங்காது. இடது கையை நம்பிப் பிழைத்தவர் அவர்.

ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல்

தெற்கு ஜெர்மனியில், உல்ம் நகரத்துக்குச் சற்று வடக்கே, பிரென்ஸ் என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில் உள்ள சிறிய ஊர் கீங்கன். மார்கரெட் 1847-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி இந்த ஊரில் பிறந்தாள். அப்பொழுது ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. கீங்கன், வூர்ட்டம்பர்க் என்ற தனி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது.

தகப்பனார் பிரெடரிக் ஸ்டைஃப், வீடு கட்டும் மேஸ்திரி. மார்கரெட்டுக்கு முன் இரண்டு பெண்கள். அவளுக்குப் பின் ஒரு பையன். ஆக நான்கு பிள்ளைகள். உழைத்தால் சாப்பாடு உண்டு. மிச்சம் அதிகம் இராது. அப்படிப்பட்ட குடும்பம்.

குழந்தை நன்றாகத்தான் வளர்ந்தது. ஒன்றரை வயது ஆனபோது கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் தணிந்த பிறகு பார்த்தால், கால்கள் துவண்டு கிடந்தன. வலது கையைத் தூக்கினால் வலித்தது. என்ன நோய் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. அது இளம்பிள்ளை வாதம் என்று வைத்தியர்கள் கண்டு சொல்வதற்குள் குழந்தைக்கு மூன்று வயது ஆகிவிட்டது.

அந்த நாளில் இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து கிடையாது. தடுப்பு ஊசி 1955-ம் ஆண்டில்தான் வந்தது. மார்கரெட் பிறந்து 108 ஆண்டுகள் கழித்து!

தாயாருக்கு ஒரே கவலை. நாம் இருக்கும் வரை பார்த்துக்கொள்வோம். நமக்குப் பிறகு இந்தப் பெண்ணுக்கு யார் சோறு போடுவார்கள்? பெண்களுக்குச் சொந்தச் சம்பாத்தியம் என்பதே அரிதாக இருந்த காலம். அதிலும் நடக்க முடியாத பெண்!

கைவண்டியில் பள்ளிக்கூடம்

மார்கரெட்டை வீட்டுக்குள் முடக்கிப் போடவில்லை. தெருப் பிள்ளைகளும், அக்காள்மாரும், தம்பியும் அவளைச் சிறு கைவண்டியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கட்டு உண்டு. வண்டி ஏறாது. பக்கத்தில் குடியிருந்த ஒரு பெண் வந்து, குழந்தையைத் தூக்கி மேலே கொண்டுபோய் விடுவாள். மாலையில் அதே போல இறக்கி விடுவாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. அதுவே அவளுக்கு வழக்கம் ஆகிவிட்டது.

வண்டியில் உட்கார்ந்திருந்த சிறுமிதான் தெருவின் விளையாட்டுத் தலைவி. ஓடியாட முடியாதவள் விளையாட்டில் சேர வேண்டுமானால், விளையாட்டை அவளே உண்டாக்க வேண்டும் அல்லவா? புதிது புதிதாக விளையாட்டுகளைக் கற்பனை செய்து சொல்வாள். மற்றப் பிள்ளைகள் அவள் சொன்னபடி ஆடுவார்கள். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்களாம்.

ஒன்பது வயதில் அவளைச் சிகிச்சைக்காக லூத்விக்ஸ்பர்க் என்ற ஊருக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வெர்னர் என்ற டாக்டர், நோயுற்ற குழந்தைகளுக்கென்றே வைத்தியசாலை நடத்தி வந்தார். காலில் ஆபரேஷன் நடந்தது. அதன் பின் வில்ட்பாட் என்ற ஊரில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில் குளிப்பாட்டினார்கள். எல்லாம் செய்து பார்த்தும் கால்கள் எழும்பவில்லை. எழுந்து நடந்து வருவாள் என்று வழி பார்த்திருந்த வீட்டுக்கு, அவள் வண்டியிலேயே திரும்பி வந்தாள்.

ஆனால் அவள் அழுதுகொண்டு வரவில்லை. தன்னைப் போன்ற பல குழந்தைகளோடு அங்கே சேர்ந்து வாழ்ந்தது அவளுக்குத் தைரியத்தைக் கொடுத்திருந்தது. குணமாகும், குணமாகும் என்று ஊர் ஊராக வைத்தியம் தேடி அலைவது, மனத்தின் அமைதியைக் கெடுக்கிறதே தவிர வேறு பயன் இல்லை என்று பதினேழு வயதில் அவள் முடிவு செய்துவிட்டாள். இனி வைத்தியம் வேண்டாம், தொழில்தான் வேண்டும்!

திருப்பி வைத்த தையல் மிஷின்

என்ன தொழில்? தையல்!

பெற்றோர் திகைத்தார்கள். வலது கை வழங்காதவள் எப்படித் தைப்பாள்? ஆனால் பெண் பிடிவாதமாக இருந்தாள். தையல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஆரம்பத்தில் அவள் தைத்தது நன்றாகவே இல்லை. அக்காள்மார் ஒழுங்காகத் தைத்து முடிக்கும் வேலையில் அவள் பாதியில் தடுமாறுவாள். பிரித்துப் பிரித்துத் தைத்தாள். வலித்த கையோடு தைத்தாள். பதினேழு வயதில் தையல் படிப்பை முடித்துவிட்டாள்.

இன்னொரு வித்தையும் அவள் கற்றிருந்தாள். ஜிதர் என்பது அந்தப் பக்கத்து மக்கள் விரும்பி வாசிக்கும் தந்தி வாத்தியம். மேஜைமேல் கிடத்தி மீட்டுவார்கள். அதை வாசிக்கப் பழகி, பிறகு மற்றவர்களுக்குப் பாட்டு வாத்தியாரம்மாவாகவும் ஆனாள். அதில் கிடைத்த காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்தாள்.

சேர்த்த பணத்தில் என்ன வாங்கினாள் தெரியுமா? ஒரு தையல் மிஷின்! கீங்கன் ஊருக்கு வந்த முதல் தையல் மிஷின் அதுதான்.

மிஷின் வந்ததும் புதிய தொல்லை வந்தது. கைமிஷினில் தைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சக்கரம் வலது பக்கம் இருக்கும். வலது கையால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். இடது கையால் துணியைத் தள்ள வேண்டும். மார்கரெட்டின் வலது கைக்குச் சக்கரத்தைச் சுழற்றும் பலம் இல்லை. வாங்கிய மிஷினை மூலையில் போடுவதா?

அவள் மிஷினையே திருப்பி வைத்துவிட்டாள். முன்பக்கம் பின்பக்கமாயிற்று. வலது பக்கச் சக்கரம் இடது பக்கம் வந்துவிட்டது. மிஷினின் பின்புறமாக உட்கார்ந்து, இடது கையால் சுழற்றித் தைத்தாள். எல்லோரும் தைக்கும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் துணி ஓடியது. ஆனால் தையல் நேராக விழுந்தது!

அக்காள்மாரும் அவளுமாகச் சேர்ந்து ஊர்ப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்தார்கள். பெண்ணின் உழைப்பைக் கண்ட தகப்பனார், 1874-ம் ஆண்டில் வீட்டின் ஒரு பகுதியைத் தையல் அறையாக மாற்றிக் கட்டிக் கொடுத்தார். வீடு கட்டும் மேஸ்திரி அல்லவா? மகளுக்குச் சீதனமாக அவர் கொடுத்தது இந்த அறைதான் என்று சொல்லலாம்.

சொந்தக் கடை

கீங்கனில் உறவினர் ஒருவர் ஃபெல்ட் துணி ஆலை வைத்திருந்தார். ஃபெல்ட் என்பது தறியில் நெய்யாத கம்பளித் துணி. ஆட்டு ரோமத்தை நனைத்து, அழுத்தி, தகடு போல ஆக்குவார்கள். தொப்பி செய்வது இதில்தான். வெட்டினால் ஓரம் பிரியாது. நூல் பிரிந்து வராததால், ஓரம் மடித்துத் தைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு கையின் பலத்தில் தைப்பவருக்கு இதைவிட நல்ல துணி கிடையாது.

இந்தத் துணியில் பாவாடைகளும் குழந்தைகளின் கோட்டுகளும் தைத்து விற்க 1877-ம் ஆண்டில் மார்கரெட் கடை திறந்தார். அவருக்கு அப்பொழுது முப்பது வயது. குளிர் தேசத்தில் கம்பளிப் பாவாடைக்கு நல்ல கிராக்கி. ஸ்டுட்கார்ட் நகரிலிருந்தும் ஆர்டர்கள் வந்தன. ஒரு கை போதவில்லை. தையற்காரிகளைச் சம்பளத்துக்கு வைத்தார்.

யார் சோறு போடுவார்கள் என்று தாயார் கவலைப்பட்ட பெண், இப்பொழுது நாலு பேருக்குச் சம்பளம் போடுகிறவர் ஆகிவிட்டார்!

யானை வந்தது

1879-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பெண்களுக்கான பத்திரிகை ஒன்றில் சின்ன யானையின் படமும், அதைத் துணியில் வெட்டித் தைக்கும் விதமும் வந்திருந்தன. மார்கரெட் அதைப் பார்த்தார். ஃபெல்ட் துணியில் வெட்டினார். உள்ளே ஆட்டுக்குட்டியின் மெல்லிய ரோமத்தை அடைத்தார். குட்டி யானை தயார்!

அதைப் பொம்மை என்று நினைத்து அவர் செய்யவில்லை. தையல் செய்கிறவர்கள் ஊசிகளைக் குத்தி வைப்பதற்கு ஒரு சிறு மெத்தை வேண்டும். அந்த ஊசி மெத்தையைத்தான் அவர் யானை வடிவில் செய்தார். உறவினர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார்.

கொடுத்த வீடுகளில் வேடிக்கை நடந்தது. ஊசி குத்துவதற்கு யானை கிடைக்கவில்லை. குழந்தைகள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

அக்காலத்துப் பொம்மைகளை நினைத்துப் பார்த்தால்தான் இதன் காரணம் விளங்கும். மரக்குதிரை இருந்தது, விழுந்தால் நெற்றியைக் கீறும். தகரத்தில் செய்த சிப்பாய் இருந்தான். விளிம்பு கையைக் கிழிக்கும். பணக்கார வீடுகளில் பீங்கான் தலை வைத்த அழகான பெண் பொம்மை இருந்தது; அது அலமாரியில்தான் இருக்கும். குழந்தை கேட்டால் தாயார் அதட்டுவார். குழந்தை கட்டிக்கொண்டு படுப்பதற்கு, மிதித்தாலும் கடித்தாலும் உடையாத சாமான் அதிகம் இல்லை. கீங்கனின் யானை அப்படிப்பட்டது. தும்பிக்கையைப் பிடித்து இழுத்தால் வலிக்காது. தூக்கி எறிந்தால் உடையாது.

பெரியவர்களுக்காகச் செய்த சாமானைக் குழந்தைகள் தங்களுக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். அதைத் தடுக்காமல், அவர்கள் போன வழியிலேயே மார்கரெட் போனார். அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

தம்பி பிரிட்ஸுக்கும் இது புரிந்துவிட்டது. பக்கத்து ஊரான ஹைடன்ஹைம் சந்தைக்கு யானைகளைக் கொண்டுபோனார். யானைகள் விற்றுத் தீர்ந்தன. மேலும் வேண்டும் என்று கேட்டு ஆர்டரும் வந்தது. முதலில் விரல் விட்டு எண்ணும்படி விற்ற யானை, 1886-ம் ஆண்டில் 5 ஆயிரத்துக்கு மேல் விற்றது!

யானைக்குப் பின் குரங்கு வந்தது. கழுதை, குதிரை, ஒட்டகம், பன்றி, எலி, நாய், பூனை, முயல், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வந்தன. சில மிருகங்களுக்குக் காலில் சக்கரம் வைத்தார்கள். குழந்தைகள் அவற்றை இழுத்துக்கொண்டு போகலாம். தம்மைத் தெருப் பிள்ளைகள் வண்டியில் வைத்து இழுத்த நாட்கள் மார்கரெட்டுக்கு நினைவு வந்திருக்காதா?

தம்பி கட்டிய வீடு

வியாபாரம் பெருகவே, பழைய வீடு போதவில்லை. தம்பி பிரிட்ஸும் தகப்பனாரைப் போல வீடு கட்டுகிறவர்தான். அவர் அக்காளுக்காகப் புது வீடு கட்டினார். கீழே கடை. மேலே குடியிருப்பு. மேலே போகப் படிக்கட்டுக்குப் பதில் சரிவான பாதை அமைத்தார். சக்கர நாற்காலி அதில் தடையின்றி ஏறி இறங்கும். பள்ளிக்கூடப் படியில் மாற்றான் கையால் தூக்கப்பட்ட அக்காளை, சொந்த வீட்டில் யாரும் தூக்க வேண்டியதில்லை!

1893-ம் ஆண்டில் ஃபெல்ட் பொம்மைத் தொழிற்சாலை என்று கம்பெனியைப் பதிவு செய்தார்கள். எவ்வளவு வளர்ந்தாலும் மார்கரெட் ஒரு வழக்கத்தை விடவில்லை. புதிதாக ஒரு மிருகம் செய்வதென்றால், முதல் மாதிரி அவர் பார்வைக்கு வர வேண்டும். தையல் விடுமா, கண் கழன்று குழந்தையின் வாய்க்குள் போகுமா, அடைப்பு சுத்தமானதா என்று பார்ப்பார். சரியில்லை என்றால் அது கடைக்கு வராது. குழந்தைகளுக்குக் கொடுப்பது உயர்ந்த பொருளாக இருக்க வேண்டும் என்பது அவர் கண்டிப்பு.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பிரிட்ஸுக்கு ஆறு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள். அத்தை வீடுதான் அவர்களுக்கு விளையாட்டு மைதானம். ஆண் பிள்ளைகள் வளர்ந்து ஒருவர்பின் ஒருவராக அத்தையின் தொழிலில் சேர்ந்தார்கள்.

அத்தையும் மருமகனும்

அவர்களில் ரிச்சர்ட் என்பவர் ஸ்டுட்கார்ட் நகரில் சித்திரக் கலை படித்தவர். அந்த நகரில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு அடிக்கடி போவார். கரடிகள் நிற்பதையும், உட்காருவதையும், குட்டிகள் உருளுவதையும் பார்த்துப் பார்த்துப் படம் வரைவார். 1897-ம் ஆண்டில் அவர் அத்தையின் கம்பெனியில் சேர்ந்தார்.

1902-ம் ஆண்டில் ரிச்சர்ட் புதிய பொம்மை ஒன்றைச் செய்தார். 55 சென்டிமீட்டர் உயரமுள்ள கரடி. ஃபெல்ட் துணி அல்ல. அங்கோரா ஆட்டின் ரோமத்தில் நெய்த, மயிர் அடர்ந்த துணி. தலை திரும்பும், கையும் காலும் அசையும். அசைவதற்காக உறுப்புகளை நூலால் இணைத்திருந்தார். அதற்கு "55 பி.பி." என்று பெயர் வைத்தார்கள். ஒரு "பி" மயிர்த் துணியைக் குறிக்கும். மற்றொன்று அசையும் என்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து.

அத்தைக்கு அந்தக் கரடி பிடிக்கவில்லை! துணியின் விலை அதிகம். பொம்மை பெரியது, கனமானது. இவ்வளவு விலை கொடுத்துக் குழந்தைக்கு யார் கரடி வாங்குவார்கள் என்று அவர் சந்தேகப்பட்டார். ஆனாலும் மருமகனின் ஆசைக்குக் குறுக்கே நிற்கவில்லை. செய்து பார்க்கட்டும் என்று விட்டார்.

அத்தையின் சந்தேகம் முதலில் பலிப்பது போலவே இருந்தது. 1903-ம் ஆண்டு மார்ச் மாதம் லைப்சிக் நகரத்தில் பெரிய கண்காட்சிச் சந்தை நடந்தது. கரடியையும் அங்கே வைத்தார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். வாங்குவாரில்லை. சந்தை முடிந்து சாமான்களைக் கட்டும் நேரம். அமெரிக்க வியாபாரி ஒருவர் வந்தார். கரடியைக் கையில் எடுத்தார். 3 ஆயிரம் கரடிகள் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டார். கம்பெனியார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு இது.

ஜனாதிபதி சுடாத கரடி

அமெரிக்காவில் அந்த நேரத்தில் கரடிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

1902-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், மிசிசிப்பி மாநிலத்துக்கு வேட்டைக்குப் போனார். அவருக்குக் கரடி எதுவும் அகப்படவில்லை. உடன் வந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, அவரைச் சுடும்படி அழைத்தார்கள். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடுவது வேட்டை ஆகாது என்று அவர் மறுத்துவிட்டார். பெர்ரிமன் என்ற கேலிச் சித்திரக்காரர் இதைப் பத்திரிகையில் படமாகப் போட்டார். தேசம் முழுவதும் பேச்சாகிவிட்டது. காயம்பட்டிருந்த அந்தக் கரடியை, வேதனை தீரக் கொன்றுவிடும்படி ஜனாதிபதியே பிறகு சொன்னார். அது படத்தில் வரவில்லை!

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம், ரோஸ் தம்பதிகள் இந்தப் படத்தைப் பார்த்துத் துணியில் ஒரு கரடி தைத்துக் கடையில் வைத்தார்கள். தியோடர் என்ற பெயரின் செல்லச் சுருக்கமான "டெடி" அதற்குப் பெயராயிற்று. கடல் கடந்து ஜெர்மனியில் ரிச்சர்ட் கரடி செய்ததும் ஏறக்குறைய அதே சமயம். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஆகவே, முதல் கரடி யாருடையது என்ற வழக்கில் இரு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் உலகத்துக்கெல்லாம் போதும் அளவுக்குக் கரடிகளைச் செய்து அனுப்பக்கூடிய கைகள் கீங்கனில் இருந்தன. இருபது ஆண்டுக்கு மேலாகத் துணி மிருகம் தைத்துப் பழகிய பெண்களின் கைகள்!

ரிச்சர்ட் கரடியைச் சிறிதாக்கினார், கனத்தைக் குறைத்தார். 1904-ம் ஆண்டில் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் ஸ்டைஃப் பொம்மைகளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1907-ம் ஆண்டில் கீங்கன் தொழிற்சாலை செய்த கரடிகள் எத்தனை? 9 லட்சத்து 74 ஆயிரம்! தொழிற்சாலையில் 400 பேர் வேலை செய்தார்கள். வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுத்தவர்கள் 1,800 பேர். கைக்குழந்தையை விட்டு வெளியே போக முடியாத தாய்மாருக்கும் இதனால் வருமானம் கிடைத்தது.

கண்ணாடி வீடு

1903-ம் ஆண்டில் அவர்கள் கட்டிய புதுத் தொழிற்சாலையைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. இரும்புச் சட்டம், சுற்றிலும் கண்ணாடிச் சுவர். தையல் வேலைக்கு வெளிச்சம் வேண்டும் அல்லவா? அதற்காக ரிச்சர்ட் இப்படி யோசனை செய்தார். உள்ளே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து தைப்பது வெளியே தெரியும். ஊரார் அதற்குக் "கன்னிப் பெண்களின் மீன் தொட்டி" என்று கேலிப் பெயர் வைத்தார்கள். கேலி செய்தவர்கள் போய்விட்டார்கள். கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. இம்மாதிரிக் கட்டடங்களுக்கு அது முன்னோடி என்று கட்டடக் கலைஞர்கள் இப்பொழுது பாராட்டுகிறார்கள்.

புகழ் வந்தால் போலியும் வரும். மற்றவர்கள் அதே போலக் கரடி செய்து விற்கத் தொடங்கினார்கள். எது அசல் என்று தாய்மார்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? பிரான்ஸ் என்ற மற்றொரு மருமகன் வழி கண்டார். பொம்மையின் காதில் ஓர் உலோகப் பொத்தானை அடித்துவிடுவது! 1904-ம் ஆண்டு முடிவில் அந்த முறையைப் பதிவு செய்தார்கள். முதல் பொத்தானில் பெயர் இல்லை. சின்ன யானை ஒன்று பொறித்திருந்தது. ஊசி மெத்தையாகப் பிறந்த அந்த யானையை அவர்கள் மறக்கவில்லை. பிறகு யானை போய், ஸ்டைஃப் என்ற பெயர் வந்தது.

1906-ம் ஆண்டில் கம்பெனியின் பொறுப்பை மருமக்களிடம் மார்கரெட் பங்கிட்டுக் கொடுத்தார். மூன்று ஆண்டுக்குப் பின் அவருக்கு நுரையீரலில் சளிக் காய்ச்சல் கண்டது. 1909-ம் ஆண்டு மே 9-ந் தேதி காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 61.

காணாமற்போன கரடி

இரண்டு உலக யுத்தங்கள் வந்து போயின. அவற்றுக்குப் பிறகும் கீங்கனில் தொழில் தொடர்ந்தது. மார்கரெட் பிறந்த வீட்டை இன்றும் காட்டுகிறார்கள். 2005-ம் ஆண்டில் அந்த ஊரில் பெரிய பொம்மை அருங்காட்சியகம் திறந்தார்கள்.

காதில் பொத்தான் உள்ள பழைய கரடிகளுக்கு இப்பொழுது வந்திருக்கும் விலையைக் கேட்டால் மார்கரெட் அம்மையார் நம்பமாட்டார். 1904-ல் செய்த ஒரு கரடி, 1994-ம் ஆண்டு லண்டனில் ஏலத்துக்கு வந்தது. ஒரு லட்சத்து 10 ஆயிரம் பவுனுக்கு ஜப்பான் தேசத்தவர் ஒருவர் அதை எடுத்தார்!

அதையும்விட மதிப்புள்ள கரடி ஒன்று உண்டு. அத்தைக்குப் பிடிக்காமல் ரிச்சர்ட் செய்தாரே, அந்த முதல் கரடி. 3 ஆயிரத்துக்கு ஆர்டர் வந்ததே, அவற்றில் ஒன்று கிடைத்தாலும் போதும் என்று பழைய பொம்மை சேர்ப்பவர்கள் வீடு வீடாக, பரண் பரணாகத் தேடினார்கள். படம் இருக்கிறது. பட்டியலில் விவரம் இருக்கிறது. கரடியை மட்டும் காணோம். கீங்கன் அருங்காட்சியகத்திலும் அது இல்லை.